போயிட்டு வரேன் என்று இந்தியில் சொன்னவள்

புகார்ப் பிரிவு வேலையில் ஒரே ஒரு நிம்மதி உண்டு. இன்றைக்கு யாராவது திட்டுவார்களா என்ற சந்தேகம் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இருக்காது. திட்டுவார்கள். எத்தனை பேர், எந்த மொழியில் என்பதுதான் தெரியாது. உங்களில் யாராவது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சிரித்த முகமும் கலங்கிய வயிறுமாகச் சம்பளம் வாங்கியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில், கன்னாட் பிளேஸுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் எங்கள் கம்பெனி. கோடையில் கூலர் விற்போம், குளிர்காலத்தில் ஹீட்டர். கூலர் என்பது ஒரு தகரப் பெட்டி. மூன்று பக்கமும் புல் திணித்த தட்டி, உள்ளே ஒரு பம்ப், ஒரு ஃபேன். பம்ப் தண்ணீரை மேலே தூக்கிப் புல்லை நனைக்க வேண்டும், ஃபேன் அந்த ஈரக் காற்றை வீட்டுக்குள் தள்ள வேண்டும். மே மாதம் டெல்லியில் இந்த இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் வீட்டுக்காரர் எங்களுக்கு போன் செய்வார். போனில் அவர் முதலில் சொல்லும் வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது.

என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இந்திக்காரர்கள். அவர்கள் பேசியதைத் தமிழில்தான் தருகிறேன். என் இந்தி எப்படிப்பட்டது என்பது போகப்போகத் தெரியும்.

சுவர் முகம்

ஏழு வருஷம் அதே பிரிவில் ஸ்டெனோவாக இருந்தேன். ஒரு மார்ச் மாதம், பிரிவின் இன்சார்ஜ் திடீரென்று வேலையை விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கோடை தலைக்கு மேல் வந்துவிட்டது. மேனேஜர் வர்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டு, "நீங்க இங்கிலீஷ் நல்லா எழுதறீங்க, பம்பாய் ஹெட் ஆபீசுக்குப் பதில் எழுத ஆள் வேணும்" என்றார். அவ்வளவுதான், நான் இன்சார்ஜ். ஆறு மாதம் பார்ப்பார்கள். சரியாக வந்தால் உறுதி செய்வார்கள், இல்லாவிட்டால் மறுபடி டைப்ரைட்டர். அந்த டைப்ரைட்டர் அதே அறையின் மூலையில்தான் இருந்தது. ஆறு மாதம் நான் அதட்டி வேலை வாங்கப்போகிறவர்களின் எதிரே போய் மறுபடி அதன் முன்னால் உட்கார வேண்டும் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

வர்மா ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தார். "அதிகாரி முகம் சுவர் மாதிரி இருக்கணும். கோபம், பயம், அழுகை எதுவும் தெரியக் கூடாது. தெரிஞ்சா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க." இதைச் சொல்லும்போதே அவர் கையிலிருந்த பென்சிலை இரண்டாக ஒடித்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், காலை ஆறரை மணிக்கு, கண்ணாடி முன்னால் நின்று சுவர் மாதிரி முகத்தை வைத்துப் பழகினேன். ஷேவ் செய்யக் காத்திருந்த என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மத்திய அரசு ஆபீசில் பல அதிகாரிகளைப் பார்த்தவர். அவர் கேட்டது இதுதான்: "என்னம்மா, கடவாப்பல்லு வலிக்குதா?"

ஐந்து நாற்பது பஸ்

பகலில் மெக்கானிக்குகள் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அறையில் என்னோடு நான்கு பேர். அதில் இரண்டு பேரைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் திரிபாதிஜி, மூத்த குமாஸ்தா. பதினைந்து வருஷ சர்வீஸ். எனக்குக் கிடைத்த நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர். அதை ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், என்னிடம் அளவுக்கு மீறின மரியாதையோடு நடந்துகொண்டார். இன்னொருவன் பல்பீர், டெலிபோன் எடுப்பவன். நல்ல பையன்தான், முப்பது வயது. ஆனால் கோபம் வந்தால் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் எழுந்தேன். எல்லோரையும் பார்த்து, மரியாதையாக, "ஜாகே ஆதா ஹூம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். நம் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்வோமே, போயிட்டு வரேன், அதைத்தான் அப்படியே இந்தியில் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வர்மா என்னைக் கூப்பிட்டு, "பலே! உங்க பிரிவுல தினமும் ஏழு மணி வரைக்கும் லைட் எரியுதே. பம்பாய்க்கு எழுதியிருக்கேன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவர் முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுக் கீழே வந்தேன். அங்கே பல்பீர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டான்: "மேடம், நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லிடுங்க. என் சார்ட்டர்டு பஸ் அஞ்சு நாப்பதுக்கு."

இரண்டு கல்தி

இந்தியில் 'ஜாகே ஆதா ஹூம்' என்றால் நிஜமாகவே போய்விட்டு வருவதாம். இதோ ஒரு நிமிஷம், வந்துவிடுகிறேன் என்று அர்த்தம். புது மேடம் திடீரென்று திரும்பி வந்து யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார் போல என்று நான்கு பேரும் நான்கு நாளாகப் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உடனே மாடிக்குப் போய் வர்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டு பம்பாய் போய்விட்டதே, இப்போது போய் 'என் இந்தி சரியில்லை' என்று சொன்னால் டைப்ரைட்டர்தான் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயம் பிறகு நான்கு மாதம் என்னோடு பஸ்ஸில் வந்தது, என்னோடு சாப்பிட்டது.

வீட்டில், மோதி பாக் பள்ளியில் ஐந்தாவது படிக்கும் என் மகளிடம் மட்டும் சொன்னேன். டெல்லியில் பிறந்தவள், தமிழ் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். இந்தி என்றதும் டீச்சர் ஆகிவிட்டாள். "அம்மா, ரெண்டு கல்தி, ரெண்டு தப்பு. நீ லட்கீ, பொண்ணு, அதனால 'ஆதா' இல்ல, 'ஆதீ'. அப்புறம் வீட்டுக்குப் போறதுன்னா 'சல்தீ ஹூம்' போலோ, அவ்வளவுதான்." திங்கட்கிழமை அப்படியே சொல்லிப் பார்த்தேன். 'சல்தீ ஹூம்', கிளம்புகிறேன், போகிறேன். சொன்னதுதான் தாமதம், நெஞ்சு பதறியது. போறேன் என்று சொல்லிவிட்டு ஒரு இடத்தை விட்டுக் கிளம்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. வீடு போய்ச் சேரும் வரை பஸ் எங்காவது மோதுமோ என்று கம்பியைப் பிடித்தபடியே போனேன். மறுநாள் என் கஷ்டத்தை எப்படியோ சொல்லி முடித்ததும், திரிபாதிஜி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பு வழங்கினார்: "நீங்க 'ஜாகே ஆதா ஹூம்'னே சொல்லுங்க மேடம். அதுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தம்னு நாங்க வச்சுக்கறோம்."

ஜனக்புரியிலிருந்து ஒரு குரல்

மே மாதம் வந்தது. சுவர் முகத்தோடு சுவர்க் குரலும் பழகியிருந்தேன். "உங்கள் புகார் பதிவாகிவிட்டது, கவனிக்கப்படும்" என்பதை ஏற்ற இறக்கம் இல்லாமல் இந்தியில் சொல்வேன். ஜனக்புரியிலிருந்து ஒருவர் மூன்றாம் நாளாக போன் செய்தார். கூலர் பம்ப் தண்ணீரைத் தூக்கவில்லை, மெக்கானிக் வரவில்லை. மிகவும் தன்மையாக, திக்கித் திக்கி இந்தியில் பேசினார். நான் பதில் சொன்னேன். என் உச்சரிப்பை வைத்தே அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். பிறகு தமிழில், "நீங்க தமிழாம்மா?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆமாம் என்றேன்.

அடுத்த பத்து நிமிஷம் அவர் என்னை விடவில்லை. பெயர் சங்கரலிங்கம், பாங்கில் வேலை, திருநெல்வேலிப் பக்கம். என்னை, கம்பெனியை, மெக்கானிக்கை, பம்பைச் செய்தவனை, அதை வாங்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரை, ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. என் முகம் சுவராகத்தான் இருந்தது. ரிசீவரைப் பிடித்த கை மட்டும் நடுங்கியது. எல்லாம் முடிந்த பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, மனசாரச் சொன்னார்: "இந்தில ஏசத் தெரியாம மூணு நாளா நெஞ்சு அடச்சுப் போய்க் கெடந்தேம்மா. நல்லவேள, நீங்க கெடச்சிய."

வீட்டில் ஆள் இல்லை

ஒரு நாள் ஒரு அம்மாள் நேராகக் கவுன்ட்டருக்கே வந்துவிட்டார். முந்தின நாள் பல்பீர் அவரைக் கன்னாபின்னாவென்று கத்திவிட்டு, போனை அடித்து வைத்தானாம். அடித்த வேகத்தில் ரிசீவரே விண்டுபோனதாம். நான் வெளியே போயிருந்த நேரம், எனக்கு எதுவுமே தெரியாது. ரிசீவரில் கறுப்பு டேப் சுற்றியிருந்ததைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த அம்மாள் பம்பாய்க்கு எழுதப்போவதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு, அன்றே மெக்கானிக்கை அனுப்பி, எப்படியோ அவரைச் சமாதானம் செய்து அனுப்பினேன். அப்புறம் பெண்கள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, சுவரை மறுபடி எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

பல்பீர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் திரிபாதிஜியிடம் போய், இவ்வளவு நடந்திருக்கிறது, ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றார். எப்போதும் எழுந்து நின்றுதான் எனக்குப் பதில் சொல்வார், அதுவே எனக்கு ஒரு தண்டனை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன் மேடம். உங்க முகத்தைப் பார்த்தா வீட்டுல ஆள் இல்லாத மாதிரி இருந்தது. திரும்பிப் போயிட்டேன்."

மின்சாரம் போன மத்தியானம்

ஜூன் மாதம், நான்காவது மாதம். இரண்டு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. கூலர் கம்பெனி அறையில் கூலர் ஓடவில்லை, வெளியே அனல் காற்று. டெலிபோன் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு மாடியிலிருந்து ஆள் வந்தார். பம்பாயிலிருந்து டைரக்டர் வந்திருக்கிறார், உடனே வரவேண்டுமாம். ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு, பதற்றத்தில் எல்லோரையும் பார்த்து "ஜாகே ஆதா ஹூம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழவில்லை.

டைரக்டர் மராட்டிக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். "தினமும் ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்து வேலை பார்க்கற பிரிவுன்னு வர்மா எழுதியிருந்தார். பார்க்கணும்" என்றார். மூன்று பேரும் படி இறங்கி வந்தோம். அறையில் நான்கு நாற்காலிகளும் காலி. போன் அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒரே ஒருவர் மட்டும், மடியில் ஒரு துணிப்பையோடு, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜனக்புரி சங்கரலிங்கம்தான், குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். கெட்டுப்போன பம்பைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். "எல்லாரும் போயாச்சும்மா. மேடமே வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சுன்னாங்க" என்றார்.

வர்மாவின் முகம் சுவராக இல்லை, செங்கல் நிறத்தில் இருந்தது. "திரிபாதிக்கும் பல்பீருக்கும் இப்பவே மெமோ. எழுதுங்க!" என்று கத்தினார். ஏழு வருஷ ஸ்டெனோ பழக்கம், கை தானாக நோட்டைத் திறந்துவிட்டது. அதற்குள் சங்கரலிங்கம் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், தமிழில் மெல்லக் கேட்டார். "பெரிய ஆபீசரா? ஒயர்ல பொக வந்துச்சு, நாந்தான் எல்லாரையும் வெளிய போகச் சொன்னேம்னு சொல்லுதேன். என்ன சொல்லுதிய?"

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, ஆசையாகத்தான் இருந்தது. ஒரு தலையாட்டல் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு புகை தேவைப்படும், அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நான்கு மாதமாக ஒரு பொய்ப் பாராட்டைச் சுமந்தே முதுகு ஒடிந்திருந்தது. நோட்டை மூடினேன். "சார், போகச் சொன்னது நான்தான்" என்று ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. எங்கள் மொழியில் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம் என்பதையும், முதல் வாரம் அவர்கள் ஏழு மணி வரை உட்கார்ந்தது இதே தப்பால்தான் என்பதையும், அதைத் தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்ததையும் கொட்டிவிட்டேன். மெமோ எழுதுவதானால் என் பெயருக்கு எழுதுங்கள் என்றேன்.

டைரக்டர் கொஞ்ச நேரம் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் கிளம்பும்போது 'யேதோ'ன்னுதான் சொல்லுவோம். வரேன்னு அர்த்தம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "வார்த்தை எனக்குப் புரியுது. காலி நாற்காலிதான் புரியலை" என்றார். வந்த உயிர் போய்விட்டது. என் பெயருக்கு மெமோ, ஆறு மாதத்துக்கு மேல் இன்னும் மூன்று மாதம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்கள். நான் அப்படியே நின்றேன். சங்கரலிங்கம் துணிப்பையை மேஜைமேல் வைத்து, பரிவோடு சொன்னார்: "கலங்காதம்மா. ஆனா இந்தக் கூத்துல எம் பம்ப மட்டும் மறந்துராத."

மெமோவுக்குப் பதில்

மறுநாள் காலை நான்கு பேரையும் உட்காரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு நான் சொன்னதுதான் எனக்கே புதுசு. "எனக்கு முதல் நாள்லேருந்தே பயம். தினமும் பயம். அந்த டைப்ரைட்டரைப் பார்த்தா பயம், மாடியிலேருந்து ஆள் வந்தா பயம். பயத்தை மறைக்கத்தான் முகத்தை அப்படி வச்சுக்கிட்டிருந்தேன்." யாரும் தலைமேல் ஏறி உட்காரவில்லை. பல்பீர் மட்டும் ரிசீவரில் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டே, "நான்தான் முதல்ல எழுந்து ஓடினேன் மேடம். பஸ் பிடிக்கக் கூட இல்லை. இண்டியா கேட்டுல ஐஸ்கிரீம் தின்னப் போனேன்" என்றான்.

திரிபாதிஜி என் மெமோவை எடுத்துக்கொண்டு போனார். மெமோவுக்குப் பதில் எழுதுவது தனிக் கலை. தப்பை ஒப்புக்கொள்ளவும் வேண்டும், ஒப்புக்கொண்டதாக எங்கேயும் இருக்கவும் கூடாது. நான்கு வரியில் எழுதிக்கொண்டு வந்தார். நானே மூலை டைப்ரைட்டரில் உட்கார்ந்து அடித்தேன். பின்னால் நின்றவர், தாளைப் பார்த்தபடியே, "நேத்து உங்க கைப்பை நாற்காலிமேலயே இருந்தது மேடம். நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன்" என்றார். அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று இருவருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் டைப்ரைட்டர் கட்டை இரண்டு சேர்ந்து சிக்கிக்கொண்டன. "திரிபாதிஜி, எனக்கு உங்கமேல ரொம்பக் கோபமா இருக்கு" என்றேன். என் வாழ்நாளில் ஒரு ஆண்பிள்ளையிடம் ஆபீசில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து சிக்கிய கட்டைகளை விரலால் பிரித்துவிட்டார். அன்றுதான் எழுந்து நிற்காமல், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசினார்: "இருக்கட்டும் மேடம். நல்லா முகத்துல தெரியுது. இப்பத்தான் வீட்டுல ஆள் வந்திருக்கு."

சிவப்புக் காது

அதன் பிறகு பிரிவில் ஒரு புது வழக்கம் வந்தது. யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்தது. கோபம் வரும்போது பல்பீருக்கு முதலில் காது சிவக்கும் என்று திரிபாதிஜி பல வருஷமாகக் கவனித்து வைத்திருந்தார். காது சிவந்தால் பக்கத்தில் இருப்பவர் ரிசீவருக்குக் கை நீட்ட வேண்டும், அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். திரிபாதிஜிக்குக் கோபம் வந்தால் மூக்கைச் சொறிவார். எனக்குக் கை நடுங்கும், அதை மறைக்காமல் மேஜைமேலேயே வைத்துவிடுவேன், யாராவது ரிசீவரை வாங்கிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ஒருவர் சண்டைக்கென்றே போன் செய்தார். பல்பீரிடம் ஆரம்பித்தார், காது சிவந்தது. திரிபாதிஜியிடம் போனது, அவர் மூக்கைச் சொறிந்தார். என்னிடம் வந்தது, என் கையும் ஆடத் தொடங்கியது. மறுபடி பல்பீர் எடுத்தபோது அவன் காது பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, சாந்தமாக "சொல்லுங்க பாயி சாஹப்" என்றான். போனில் பேசியவருக்கு அழுகையே வந்துவிட்டது போல. அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "உங்க கம்பெனியில ஒருத்தராவது நின்னு சண்டை போட மாட்டீங்களா? நான் யாரைத்தான் திட்டறது?"

எந்த ஆதா?

நவம்பர் கடைசி. ஸ்வெட்டர் வந்துவிட்டது, கூலர் போய் ஹீட்டர் புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. டைரக்டர் கூட்டிய மூன்று மாதமும் முடிகிற நாள். சாயங்காலம் ஐந்தே காலுக்கு மாடியிலிருந்து ஆள் வந்தார். வர்மா கூப்பிடுகிறார். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்தேன். கைப்பையை எடுத்தேன், மறுபடி நாற்காலிமேலேயே வைத்தேன். திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு டைப்ரைட்டர் மூலைக்குப் போக வேண்டியிருந்தாலும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்று, வேறு எதுவும் வாயில் வராமல், "ஜாகே ஆதா ஹூம்" என்றேன். பல்பீர் கேட்டான், "மேடம், இது எந்த ஆதா? வீட்டுக்கா, திரும்பி வரவா?" "தெரியலை பல்பீர். பயமா இருக்கு" என்றேன்.

மாடியில் வர்மா பம்பாய்க்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தார். லைன் கிடைக்கவில்லை. நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. கீழே எல்லோரும் போயிருப்பார்கள், ஐந்து நாற்பது பஸ் போய்விட்டது, எந்தச் செய்தியானாலும் காலி அறையில் தனியாகத்தான் பையை எடுக்கப்போகிறேன் என்று நினைக்க நினைக்க, செய்தியை விட அதுதான் அதிகப் பயமாக இருந்தது. ஆறரைக்கு லைன் கிடைத்தது. வர்மா கதவைத் திறந்து, "உறுதி பண்ணியாச்சு" என்றார். உடனே பென்சிலால் என் முகத்தைக் காட்டி, "இதை மட்டும் இன்னும் சரி பண்ணணும். எல்லாம் அப்படியே தெரியுது" என்றார்.

படியில் இறங்கும்போது வெளியே நன்றாக இருட்டியிருந்தது. எங்கள் அறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திறந்தேன். நான்கு பேரும் இருந்தார்கள். திரிபாதிஜி தன் நாற்காலியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைப்பைக்குக் காவல் போல உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் என் முகத்தில் எழுதியிருந்ததே. எனக்குத்தான் கேட்கத் தோன்றியது, பல்பீர், உன் பஸ் என்ன ஆச்சு என்று. அவன் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இது என்ன கேள்வி என்பது போலச் சொன்னான்: "ஆதா ஹூம்னு சொல்லிட்டுப் போனீங்களே மேடம், உட்கார்ந்திருக்க மாட்டோமா?"

பிற்பாடு எத்தனையோ பேர் அதிகாரியாக இருப்பது எப்படி என்று எனக்கு வகுப்பெடுத்தார்கள், ஆனால் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கிளம்பும்போது கைப்பையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.